நாக்கில் பட்டால் கூலி

ஊருக்கு ஒரு ராஜா இருந்த காலத்தில் நடந்த கதை இது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் முன்னால் உட்காருங்கள். சாப்பிடாமல் வந்தவர்கள் இன்னும் முன்னால் வாருங்கள், உங்களுக்குத்தான் இது சீக்கிரம் புரியும்.

நெடுங்கரை என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் பொற்கோடன். ஆண்டான் என்றால் என்ன, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டான். அவனுடைய அரண்மனை மடைப்பள்ளியின் பேர் சுற்றுப்பட்ட நாடெல்லாம் அடிபட்டது. அங்கே சமையல் பழகியவன் என்றால் போதும், சத்திரத்தில் கூப்பிடுவார்கள், கோயிலில் கூப்பிடுவார்கள், பிரபுக்கள் வீட்டில் கூப்பிடுவார்கள். பழகியதற்கு அடையாளமாக அரண்மனை ஒரு செப்புக் கரண்டி கொடுக்கும். அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனால் அவனுக்குப் பிழைப்பைப் பற்றிக் கவலையில்லை.

அந்தக் கரண்டிக்கு மூன்று வருஷம் உழைக்க வேண்டும். கூலி கிடையாது. சோறும் கிடையாது. "கற்றுக் கொடுக்கிறோமே, அதைவிடப் பெரிய கூலி எது?" என்பார் மடைப்பள்ளி அதிகாரி மருதவாணர். இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதர்.

அவர் ஒரு சட்டமும் போட்டிருந்தார். பழகுகிற பிள்ளைகள் காய் நறுக்கலாம், அண்டா தூக்கலாம், அடுப்பில் வேகலாம். ஆனால் சமைத்ததில் ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்கக் கூடாது. நாக்கில் பட்டால் அது கூலி. கூலி வாங்கினவன் கூலியாள், கூலியாளுக்குக் கரண்டி கிடையாது. "சமையலை மூக்கால் கற்கணும்" என்று அதற்கு ஒரு தத்துவம் வேறு சொல்வார். வயிறு நிறைந்தவர்களுக்குத் தத்துவம் நன்றாக வரும், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த வருஷம் மூன்று பேர் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வழுதி, மந்திரியின் மகன். இன்னொருவன் நம்பி, முத்து வியாபாரியின் மகன். மூன்றாமவன் பதுமன். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா வெண்ணி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவள் பாதம் வெடித்து, வெடித்த இடம் ஆறாமலே கிடந்தது. அவள் தன்னிடமிருந்த ஒரே ஆட்டை விற்றுப் பிள்ளையைத் தலைநகருக்கு அனுப்பியிருந்தாள். கரண்டியோடு அவன் வந்தால் அவள் உப்பளத்திலிருந்து காலை எடுக்கலாம். பதுமனுக்கு வேண்டியது அவ்வளவுதான், அம்மா கரையேற வேண்டும்.

உச்சி வேளை ஆனால் வழுதி வீட்டுக்குப் போவான், சாப்பிட்டுவிட்டு வருவான். நம்பியும் போவான், சாப்பிட்டுவிட்டு வருவான். பதுமன் எங்கே போவான்? ஒரு பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர்கள் விட்டுப்போன வேலையையும் சேர்த்துச் செய்வான். அந்த இரண்டு பேருக்கும் வீட்டில் அடுப்பு இருந்தது, அரிசி இருந்தது. பகலில் முகர்ந்ததைச் சாயங்காலம் வீட்டில் சமைத்துத் தின்று பார்ப்பார்கள். பதுமனுக்குச் சாயங்காலம் கிடைத்தது சத்திரத்துக் கஞ்சி ஒரு குவளை. பட்டினி கிடக்க முடியாதவன் சமையல் கற்க முடியாது என்று ஒரு ஊரில் ஏற்பாடு செய்திருந்தார்கள், அதையும் எல்லோரும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மடைப்பள்ளியில் அப்போது கூலி வாங்கும் சமையல்காரர்களும் இருந்தார்கள். மருதவாணர் யோசித்தார். இனாமாக ஆள் இருக்கும்போது இவர்கள் எதற்கு? முதல் வருஷம் சோறு வடிக்கிறவனை வேலையைவிட்டு அனுப்பினார். இரண்டாம் வருஷம் கறி சமைக்கிறவனை அனுப்பினார். மூன்றாம் வருஷம் கொற்றி என்கிற தலைமைச் சமையல்காரி ஒருத்திதான் மிச்சம். எல்லாப் பதார்த்தத்தையும் ருசி பார்த்து உப்புப் போடுகிறவள் அவள்தான். அவளையும் அனுப்பிவிட்டார். அரண்மனைக்குச் செலவு குறைந்தது என்று ராஜா அவருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினான். மருதவாணர் வீட்டில் அந்த வருஷமே ஒரு மாடி எழும்பியது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

கொற்றி போன மறுவாரம் பெரிய விருந்து வந்தது. பக்கத்து நாட்டு அரசன் தன் மகளைப் பொற்கோடனின் மகனுக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறான். கூட நூறு பேர் வருகிறார்கள். விருந்து முடிந்ததும் மூன்று பிள்ளைகளுக்கும் ராஜா கையால் செப்புக் கரண்டி. பதுமன் ஊர்ப் பக்கம் போகிற ஒருவரிடம் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினான். 'இனிமே நீ அளத்துல இறங்க வேணாம்மா' என்று.

பெரிய அண்டாவில் புளிக்குழம்பு கொதித்தது. வழுதி வந்தான், ஒரு மரக்கால் உப்பைப் போட்டான், யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். நம்பி வந்தான், குழம்பைப் பார்த்தான், உப்புப் போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, தானும் ஒரு மரக்கால் போட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான். கடைசியாகப் பதுமன் வந்தான். முகர்ந்து பார்த்தான். புளி மணந்தது, மிளகு மணந்தது, பெருங்காயம் மணந்தது. உப்புக்கு ஏது வாசனை?

கரண்டியில் கொஞ்சம் எடுத்தான். கை வாய்ப் பக்கம் போனது. ஒரு சொட்டு போதும், தெரிந்துவிடும். ஒரு சொட்டு பட்டால் மூன்று வருஷமும் போயிற்று. தூணோரம் மருதவாணர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதுமன் குழம்பைத் திரும்ப அண்டாவிலேயே ஊற்றிவிட்டு அவரிடம் போனான்.

"அய்யா, உப்புப் போட்டாச்சான்னு தெரியலைங்க. ஒரு சொட்டு ருசி பாத்துக்கட்டுமா?"

"மூணு வருஷம் பொறுத்தவன் இன்னொரு நாழிகை பொறுக்க மாட்டியாப்பா? மூக்கு எதுக்கு இருக்கு?"

"உப்பு மூக்குக்குத் தெரியாதுங்க அய்யா. நீங்களாவது வந்து பாத்துச் சொல்லுங்க."

"நான் பாக்குறதா? இன்னிக்கு எனக்கு விரதம். சந்தேகமா இருந்தா போட்டுடு. ராஜாவுக்கு உப்பில்லாத குழம்பா வைப்பாங்க?"

பதுமன் மூன்றாவது மரக்காலைப் போட்டான். போடும்போது அவனுக்கு மனசே இல்லை. அது அவன் அம்மா வேலை செய்கிற அளத்திலிருந்து வந்த உப்பு.

விருந்தாளி அரசன் முதல் கவளத்தை வாயில் வைத்தான். அப்படியே துப்பினான். பரிமாறியதை வேண்டுமென்றே செய்த அவமானம் என்று நினைத்து, நூறு பேரையும் எழுப்பிக்கொண்டு போய்விட்டான். கல்யாணப் பேச்சும் அவனோடு போய்விட்டது.

பொற்கோடன் சபையைக் கூட்டினான். "குழம்புக்கு உப்புப் போட்டது யார்?"

வழுதியின் அப்பா மந்திரி ஆசனத்தில் இருந்தார். வழுதி பேசவில்லை. நம்பியின் அப்பா ராஜாவுக்கு முத்து விற்கிறவர். நம்பியும் பேசவில்லை. பதுமன்தான் முன்னால் வந்தான்.

"நான் போட்டேன் சாமி. அதுக்கு முன்னாடி யார் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது."

"ருசி பார்க்காமலா போட்டாய்?"

"நாக்குல பட்டா கூலின்னு சட்டம் சாமி. மூணு வருஷமா இந்த மடைப்பள்ளியில எதையும் நான் வாயில வெச்சதில்ல. நான் சமைச்சது எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது."

ராஜா மருதவாணரைப் பார்த்தான். அவர் கைகட்டி நின்றார். "கற்க வந்த பிள்ளைகள் மகாராஜா. கூலி காட்டினால் கல்வியில் புத்தி போகாது. அவர்கள் நன்மைக்குத்தான் அந்தச் சட்டம்."

இந்த இடத்தில் ராஜா நியாயம் சொல்வான் என்று நீங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். சாய்ந்தே உட்காருங்கள்.

ராஜா வெகுநேரம் யோசித்து மூன்று உத்தரவு போட்டான். விருந்தைக் கெடுத்ததை ஒப்புக்கொண்ட பதுமனுக்குக் கரண்டி கிடையாது, அவன் வெளியே போகட்டும். குற்றம் நிரூபணமாகாத மற்ற இருவருக்கும் மூன்று வருஷம் முடிந்ததால் கரண்டி கொடுக்கலாம். இனி இப்படி நடக்காதிருக்க, மடைப்பள்ளியில் ருசி பார்ப்பதற்கென்று நல்ல சம்பளத்தில் ஒருவரை வைக்க வேண்டும். அந்த வேலைக்கு மருதவாணரின் மைத்துனர் வந்தார். தினமும் மூன்று வேளையும் வயிறு முட்ட ருசி பார்த்தார். சமைத்தவர்கள் பழையபடி முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

பதுமன் உப்பளத்துக்கு நடந்து போனான். வெண்ணி அவன் இடுப்பைப் பார்த்தாள். கரண்டி இல்லை. கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான். உப்பு சரியாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அம்மா எதிரில் அதை அடக்கவும் அவனுக்குத் தெம்பில்லை.

"மூணு வருஷம் முன்னாடியே இங்க வேலைக்கு இறங்கியிருந்தா ஆடாவது மிஞ்சியிருக்கும்டா" என்றாள் வெண்ணி. கோபத்தில் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. பிறகு மூலையில் கிடந்த இன்னொரு உப்பு வாரும் பலகையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். இரண்டு பேருமாகத் தண்ணீரில் இறங்கினார்கள். அங்கே பொழுது சாய்ந்ததும் கூலி கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அரண்மனை வாசலில் கற்க வந்த பிள்ளைகளின் வரிசை முன்னைவிட நீளமாக நின்றது. மருதவாணர் ஒவ்வொருவனிடமும் இனிக்க இனிக்கப் பேசி உள்ளே அனுப்பினார்.

பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி ஒன்றுதான்: கற்றுத் தருகிறோம் என்று சொல்லி ஒருவனின் உழைப்பை இனாமாக வாங்குவது கல்வி அல்ல, திருட்டு.