ஆமைக்குப் பின்னால் போன வீடு

மேலச்சுண்டூரில் நாலு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் சடையாண்டி, அடுத்தவன் உலகப்பன், அதற்கடுத்தவன் வீரபாகு, கடைக்குட்டி குட்டியப்பன். நாலு பேருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரே ஒரு மூளையைக் கொடுத்தாராம். அதை யார் வைத்துக்கொள்வது என்று அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நல்ல பிள்ளைகள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

அவர்களுடைய வீடு நாலு மூங்கில் கால்கள், மேலே தென்னங்கீற்றுக் கூரை, சுற்றிலும் தட்டி. மண்சுவர் எழுப்ப வேண்டும் என்று பல வருஷமாகப் பேச்சு. யார் முதலில் மண்ணை மிதிப்பது என்பதில் இழுபறி. இந்த வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? மூத்தவனுக்கு ஆகாமல் இளையவனுக்கு ஆகாது என்பதால், சடையாண்டிக்கு ஒரு பெண் கிடைக்காத வரைக்கும் நாலு பேரும் வரிசையில் நிற்கவேண்டியதுதான். சடையாண்டிக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது.

கடைசியில் பக்கத்து ஊர் கீழச்சுண்டூரிலிருந்து ஒரு சம்மதம் வந்தது. நடுவில் கொஞ்சம் வயலும் ஒரு வண்டிப்பாதையும்தான். அய்யாக்கண்ணு என்பவரின் மகள் பூரணம். பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். அதைச் சொல்ல அய்யாக்கண்ணுவே கூடையும் கையுமாக வந்தார். கூடைக்குள் ஓர் ஆமை.

"இது பேரு துரை. எம்மக சின்னதுலேர்ந்து வளக்கிறா. மொதல்ல இது உங்க வீட்டுல இருந்து பாக்கட்டும்கிறா. இது நல்லாத் தின்னு, தலையை நீட்டி நடமாடிச்சின்னா அவ வாழ வருவாளாம். தலையை உள்ள இழுத்துக்கிட்டுக் கெடந்துதுன்னா கல்யாணப் பேச்சு இத்தோட சரி. பௌர்ணமிக்கு நாங்க மாப்பிள்ளை வீடு பாக்க வருவோம்ல, அப்பத் தெரிஞ்சுபோகும்."

சடையாண்டி கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "எப்படி வெச்சுக்கணும் மாமா? சொல்லுங்க. அச்சுப் பிசகாம செய்யறோம்."

அய்யாக்கண்ணு பாவம், அவர்களைப் பற்றித் தெரியாமல் சொல்லிவிட்டார். "புது எடம், மிரளும். அது மொகத்துக்கு நேரா போயி யாரும் நிக்காதீங்க. நீங்க திங்கிறதை அதுக்குப் போடாதீங்க. பாதி வெயிலு, பாதி நெழலு இருக்கணும். முக்கியமா, உங்க வீட்டை அது தன் வீடா நெனைக்கணும். அவ்வளவுதான், ஒண்ணும் கஷ்டமில்ல."

அவர் போனதும் துரையை முற்றத்தில் இறக்கினார்கள். இறக்கிய வேகத்தில் நாலு பேரும் அதன் வாலுக்குப் பின்னால் ஓடி நின்றார்கள். துரை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. நாலு பேரும் ஓடினார்கள். வலப்பக்கம் திரும்பியது. மறுபடியும் ஓடினார்கள். ஆமை ஒரு சுற்று சுற்றுவதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, இது வேகமாத் திரும்புதுண்ணே" என்றான் குட்டியப்பன்.

"ஆமைன்னா மெதுவாப் போகும்னு சொன்னவன் எவன்டா? பின்னாலேயே ஓடிப் பாத்தாத் தெரியும்" என்று சடையாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்தது சாப்பாடு. உலகப்பன் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டு வந்தான். வீரபாகு கையை நீட்டித் தடுத்தான்.

"நாம திங்கிறதைப் போடக்கூடாதுன்னாரு. நேத்துப் பூசணிக்காய்க் கூட்டு தின்னோமா இல்லியா?"

"அப்ப முருங்கைக்கீரை?"

"போன வாரம் தின்னோம்."

"வாழைப்பழம்?"

"திருவிழாவுல ஆளுக்கொரு சீப்பு."

நாலு பேரும் குந்தி உட்கார்ந்து, பிறந்தது முதல் எதையெல்லாம் தின்றார்கள் என்று யோசித்தார்கள். கஷ்டமான வேலைதான். அவர்கள் தின்னாத காய் அந்த ஊர்ச் சந்தைக்கு வந்ததில்லை. கடைசியில் புல் மிஞ்சியது. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. குட்டியப்பனுக்கு வயிற்றுவலி வந்தபோது வைத்தியர் அருகம்புல் சாறு கொடுத்திருந்தார். "குடிச்சதுதானே, தின்னலையே" என்று அவன் மன்றாடினான். சாறு உள்ளே போனால் புல்லும் போன மாதிரிதான் என்று மூத்தவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். ஆகவே அருகம்புல்லை விட்டுவிட்டு, வரப்போரம் முளைத்த மற்ற புல்லையெல்லாம் தேடித் தேடிப் பறித்துக்கொண்டு வந்து, பின்பக்கமாக நின்று துரையின் தலைக்கு மேல் வீசினார்கள். துரை சந்தோஷமாகத் தின்றது. அதற்கும் அதுதான் பிடிக்கும். முட்டாளுக்கும் ஒரு காலம் என்பது சும்மாவா?

மறுநாள் வெயில் ஏறியது. பாதி வெயில், பாதி நிழல் என்று சொன்னவர், எந்தப் பாதி என்று சொல்லாமல் போய்விட்டார். உலகப்பன் சுண்ணாம்பைத் தொட்டு ஓட்டின் குறுக்கே நட்டநடுவில் ஒரு கோடு போட்டான்.

"முன்பாதிக்கு நெழலு. கண்ணு கூசும்."

"பின்பாதிக்கு வெயிலு அடிச்சா வாலு கருகாதாண்ணே?"

"அப்ப மத்தியானத்துக்கு மேல மாத்திக்குவோம்."

குட்டியப்பன் முறத்தை எடுத்து, கோட்டுக்கு முன்னால் மட்டும் நிழல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டே பின்னால் நடந்தான். துரை போகிற இடமெல்லாம் முறமும் போயிற்று. பசிக்குப் புல், தலைக்கு நிழல், முதுகுக்கு வெயில், முகத்துக்கு எதிரே தொந்தரவு கொடுக்க ஒரு பயலும் இல்லை. இப்படி ஒரு ராஜபோகம் எந்த ஆமைக்குக் கிடைக்கும்? துரை கொழுகொழுவென்று ஆகிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். வீட்டைத் தன் வீடாக நினைக்கவேண்டும். முற்றத்திலேயே கிடந்தால் எப்படி நினைக்கும்? உள்ளே அழைத்துப்போக நல்ல நேரம் பார்த்தார்கள். வாசலில் மாவிலை கட்டினார்கள். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த கதை ஆயிற்று. மோர் விற்கிற ஆவுடையம்மாள் தலையில் பானையோடு அந்த வழியாக வந்தாள்.

"அட பாவிகளா! ஆமையை வீட்டுக்குள்ள விடப் போறீங்களா? ஆம புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் வெளங்காதுன்னு கேட்டதில்லையா?"

நாலு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சடையாண்டிக்குக் கண் கலங்கியது. ஆமை உள்ளே போகாவிட்டால் கல்யாணம் இல்லை. போனால் வீடு விளங்காது. விளங்காத வீட்டுக்கு ஒரு பெண்ணை எப்படிக் கூட்டிவருவது? பூரணத்தின் முகத்தை அவன் ஒரு தடவைதான் பார்த்திருந்தான், அதுவும் ஓரக்கண்ணால். ஆனாலும் அன்று முதல் அவனுக்குச் சோறு பாதிதான் இறங்கியது.

"ஆமையைக் குடுத்துட்டு அமீனாவைக் கேட்டா என்ன?" என்றான் குட்டியப்பன்.

"அமீனான்னா வீட்டை ஜப்தி பண்ண வர்ற கோர்ட்டு ஆளுடா. ரெண்டும் வெளங்காதுன்னுதானே அக்கா சொல்லுது."

"தானாப் புகுந்தாத்தானே குத்தம்? நாம தூக்கிட்டுப் போய் உள்ள வெச்சா?" என்றான் உலகப்பன்.

சடையாண்டி தலையை ஆட்டினான். "தூக்குனவன் புகுந்தா, அவன் கையில இருக்கிறதும் புகுந்ததுதான்டா."

ஊரார் சொன்ன அந்த ஒற்றை மூளை அன்றைக்கு வீரபாகுவின் முறையில் இருந்திருக்க வேண்டும். அவன் மெல்ல எழுந்து நின்றான்.

"ஆமை வீட்டுக்குள்ள புகக்கூடாது. அவ்வளவுதானே? ஆமை இருந்த எடத்துலேயே இருக்கட்டும். வீடு போய்ப் புகட்டும்."

சடையாண்டி தம்பியைக் கட்டிக்கொண்டான்.

ஆளுக்கொரு மூங்கில் காலைக் கட்டிப்பிடித்து, "முருகா" என்று அசைத்துப் பிடுங்கினார்கள். கட்டில், பானை, அடுப்பு, அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த உலை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, வீடு மட்டும் எழுந்து முற்றத்துக்குப் போய்த் துரையின் மேல் இறங்கியது. துரை ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் இருந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வீட்டைத் தூக்கிப் பார் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் மேலச்சுண்டூர் கண்டது.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு துரை வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தது.

"அண்ணே, வெளிய போகுதுண்ணே!"

"போனா என்ன, திரும்பி வரும்."

"திரும்பி வந்தாப் புகுந்த கணக்கு ஆயிருமேண்ணே!"

"ஐயையோ! முன்னால போய் மறிடா!"

"மொகத்துக்கு நேரா நிக்கக்கூடாதேண்ணே!"

வேறு வழி? வீட்டைத் தூக்கினார்கள். துரை நடந்தது, வீடும் நடந்தது. துரை புல் மேய நின்றது, வீடும் நின்றது. முன்கால்களைப் பிடித்த இரண்டு பேரும் துரையின் கண்ணில் படாதிருக்கக் கழுத்தை வெளிப்பக்கம் ஒடித்துக்கொண்டு நடந்தார்கள். இரவில் துரை தூங்கினால்தான் அவர்களுக்கும் தூக்கம். பகலில் ஆவுடையம்மாள் மனசு கேளாமல் தேடி வந்து மோர் ஊற்றிவிட்டுப் போவாள். விலாசம் தினமும் மாறியது. இப்படியே முற்றத்தைத் தாண்டி, வண்டிப்பாதையைத் தாண்டி, துரை வயலுக்குள் இறங்கியது.

வயல்காரர் ஓடி வந்தார். "எவன்டா எங்க வயல்ல குடிசை போட்டது?"

"போடலீங்க" என்றான் உலகப்பன், மூங்கில் காலைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "போயிட்டிருக்கு."

வயல்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் அதற்கு முன்னால் வண்டிக்கும் மாட்டுக்கும் வழிவிட்டிருக்கிறார். வீட்டுக்கு விட்டது அதுதான் முதல் தடவை.

பௌர்ணமி வந்தது. கீழச்சுண்டூரில் அய்யாக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டி, உறவுப் பெண்களின் கையில் பழத்தட்டும் பூத்தட்டும் கொடுத்து, மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினார். தெருவில் கால் வைத்தார். எதிரே மாப்பிள்ளை வீடு வந்துகொண்டிருந்தது.

துரை தன் பழைய தோட்டத்து வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக வந்திருந்தது. "ஐயோ, வீடு வருது!" என்று அய்யாக்கண்ணு கத்தினார். சத்தம் கேட்டுப் பூரணம் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். வீடு அவள் எதிரே வந்து நின்றது. அதன் வாசல் வழியாகத் துரை கழுத்தை முழு நீளத்துக்கும் நீட்டி, வாயில் ஒரு புல்லோடு, அவளைப் பார்த்தது. ஓட்டுக்குள் அடங்காத கொழுப்பு. முதுகில் ஒரு சுண்ணாம்புக் கோடு.

அவள் குனிந்து அதைத் தடவிக்கொடுத்தாள். தலை நிமிராமலே கேட்டாள். "அங்க போனதுலேர்ந்து ஒரு தடவைகூட இது தலையை உள்ள இழுக்கலையா?"

சடையாண்டிக்குப் பொய் சொல்ல வராது. தோளில் வீட்டோடு, கழுத்தை வெளிப்பக்கம் ஒடித்தபடி சொன்னான். "தெரியலைம்மா. நாங்க அது மொகத்தையே பாத்ததில்ல. உங்கப்பா பாக்கக்கூடாதுன்னுட்டாரு."

அவன் தோள் இரண்டும் காய்ப்புக் காய்த்துக் கிடப்பதைப் பூரணம் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஏனோ அவன் மேல் ஆசையும் வந்துவிட்டது.

"அப்பா, நாள் பாருங்க."

"ஏம்மா, இந்த முட்டாப் பயலுக வீட்டுக்கா?"

"என் ஆமைக்காக வீட்டைச் சுமந்திருக்காரு. எனக்கு ஒரு கொடம் தண்ணி சுமக்க மாட்டாரா? சொன்ன சொல்லை அப்படியே கேக்கிற ஆம்பளையை நீங்க எங்கப்பா தேடுவீங்க?"

கூட வந்த பெண்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அய்யாக்கண்ணு பஞ்சாங்கம் எடுக்க உள்ளே போனார்.

வீட்டைத் திருப்பிக் கொண்டுபோய், ஆறிப்போன உலைக்கு மேல் பழையபடி நட்டார்கள். கல்யாணம் கீழச்சுண்டூர்க் கோயிலில் குறைவில்லாமல் நடந்தது. அன்று சாயங்காலம் பூரணம், பட்டுப்புடவையோடு, துரையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மேலச்சுண்டூர் வந்து வீட்டு வாசலில் நின்றாள். ஊரே கூடியிருந்தது. ஆவுடையம்மாள் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள்.

"வலது காலை எடுத்து வெச்சு உள்ள வாம்மா."

"நில்லுங்க!" என்று கத்தினான் உலகப்பன். "அண்ணி கையில துரை! கையில இருக்கிறதும் புகுந்ததுதான்!"

சடையாண்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். எவ்வளவு பெரிய ஆபத்து மயிரிழையில் விலகியது! "நீ அசையாத பூரணம். அப்படியே நில்லு. வீடு வரும்."

மாப்பிள்ளை மாலையோடு ஒரு மூங்கில் காலைப் பிடித்தான். தம்பிகள் மற்ற மூன்றையும் பிடித்தார்கள். துரையின் முகத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாதே என்று ஆளுக்கொரு திசையாகத் திரும்பிக்கொண்டார்கள். வீடு எழுந்தது.

"வலது கால்!" என்று வீரபாகு குரல் கொடுத்தான்.

நாலு பேரும் வலது காலை எடுத்து வைத்தார்கள், அவரவர் பார்த்த திசையில். வீடு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது.

"வந்துட்டமா?" என்று ஒரு மூலையிலிருந்து சடையாண்டி கேட்டான். "வந்துட்டே இருக்கோம்ணே!" என்று மறு மூலையிலிருந்து பதில் வந்தது. வாசல் எதிரே வந்தபோதெல்லாம் ஆவுடையம்மாள் விடாமல் ஆரத்தி எடுத்தாள்.

அத்தனை நாளும் நீட்டிய தலையை நீட்டியபடி இருந்த துரை, அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பூரணம் சட்டென்று முந்தானையால் அதை மூடினாள். அவசியமே இல்லை. அதன் முகத்தைத்தான் அந்த நாலு பேரும் பார்க்கமாட்டார்களே.