முழங்காலோடு நின்ற கம்பளி

ஆடும் மனிதரும் ஒரே மொழியில் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஸ்காட்லாந்து மலைநாட்டில், ஆண்கள் இடுப்பில் சுற்றிய கம்பளி கணுக்காலுக்கும் கீழே தொங்கியது. சாதாரண ஆளுக்கே தரையைத் தொட்டது. தலைவர் மர்டோவுக்கோ, பின்னால் இரண்டு முழம் இழுபட்டுக்கொண்டு வந்தது. யாருடைய கம்பளி எவ்வளவு நீளமோ, அவருடைய பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. அவ்வளவு நீளத்தையும் நூற்றது யார், நெய்தது யார், சேறு போகத் துவைத்து அடுப்படியில் நாலு நாள் காயப்போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மோர்னா கேட்டாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

கணவாய்க்கு இந்தப் பக்கம், பள்ளத்தாக்கின் கடைசி வீடு அவளுடையது. அப்பாவும் அம்மாவும் போனபின் அதில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: மோர்னா, அவள் அண்ணன் டூகல், மந்தையில் வீட்டு ஆளாகவே ஆகிவிட்ட கருமூஞ்சி என்கிற பெண் ஆடு. முகமும் கால்களும் கறுப்பு, மற்ற இடமெல்லாம் பொசுபொசுவென்று வெள்ளை ரோமம். சாயங்காலமானால் மோர்னாவும் கருமூஞ்சியும் வாசலில் உட்கார்ந்து எதையாவது பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். பனிக்கு மணம் உண்டா இல்லையா என்று ஒரு முறை ஒன்பது நாள் வாதம் நடந்தது. பெரும்பாலும் ஆடுதான் ஜெயிக்கும். மோர்னா கோபித்துக்கொண்டு உள்ளே போவாள். மறுநாள் சாயங்காலம் அவளே முதலில் வந்து உட்காருவாள்.

ஆடுகளுக்கும் மனிதருக்கும் அங்கே ஒரு வாக்கு இருந்தது. குயில் கூவும் கோடையில் ஒரு முறை கத்திரி படலாம். மற்ற நாளில் படக் கூடாது.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் டூகல் கத்திரியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"எதுக்குண்ணா இப்போ கத்திரி?"

"எனக்கு ரெண்டு சாண் துணி குறையுது. கோடை ரோமமெல்லாம் தானியத்துக்குப் போயாச்சு."

முதல் பனி விழுந்ததும் கணவாய்க்கு அந்தப் பக்கத்து மண்டபத்தில் சபை கூடும். குளிர்கால மேய்ச்சல் சரிவுகளை அங்கேதான் பங்கு பிரிப்பார்கள். தரையைத் தொடாத கம்பளி கட்டி வந்தவன் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அப்பா போன இரண்டு வருஷமாக அவர்கள் வீட்டுக்காகப் பேச ஆளில்லாமல், பாறைச் சரிவுதான் கிடைத்தது. போன குளிரில் பதினோரு ஆடுகள் பட்டினியில் செத்தன. அப்பாவின் கம்பளி அவரோடே மண்ணுக்குள் போய்விட்டது. டூகலிடம் இருந்தது அவனுக்குப் பன்னிரண்டு வயதில் நெய்த கம்பளி.

"அதுக்காக வாக்கை உடைப்பியா? துணி நீளமா இருந்தா புத்தியும் நீளமா இருக்கும்னு எவன் சொன்னான்? மர்டோ வாசலைப் பெருக்கிட்டுப் போற மாதிரி நீயும் பெருக்கப் போறியா?"

"நீ சொல்றது சரிதான், மோர்னா. ஆனா அந்தச் சரியைச் சொல்றதுக்கே நான் உள்ள போயாகணுமே."

மோர்னாவுக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காதபோது மனிதர்கள் செய்யும் தப்பைத்தான் அவளும் செய்தாள். பேசாமல் போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

கருமூஞ்சி ஓடவில்லை. கத்திரி முதுகில் ஏறும்போது மோர்னாவை மட்டும் பார்த்தது. "நீயுமா?" என்றது. அந்த ரோமத்தை நூற்று, இரண்டு சாண் அகலத்துக்கு நெய்து, பழைய கம்பளியின் அடியில் மோர்னாவே தைத்தாள். நூற்கும்போதும் திட்டினாள், தைக்கும்போதும் திட்டினாள். ஆனால் தைத்தாள்.

அதன்பிறகு சாயங்காலங்களில் ஆடு வாசலுக்கு வரவில்லை. மற்ற ஆடுகள் அதைப் பார்த்து, "என்னடி, உனக்கு மட்டும் கோடை வந்துடுச்சா?" என்று சிரித்தன. முதல் பனி விழுந்த காலையில் தொழுவத்தில் கருமூஞ்சி இல்லை. கணவாயை நோக்கிக் குளம்படிகள் போயிருந்தன.

சபை அன்றைக்குத்தான். வழியும் அந்தக் கணவாய்தான். அண்ணனும் தங்கையும் அந்த அடிகளைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினார்கள். அவள் இடுப்பில் கத்திரி தொங்கியது.

பாதி மலையில் டூகலின் நடை தளர்ந்தது. கம்பளியின் ஓரம் பனியை வாரிக்கொண்டே வந்தது. வாரிய பனி உடம்புச் சூட்டில் உருகியது, உருகியது காற்றில் உறைந்தது. கொஞ்ச நேரத்தில் கால்களைச் சுற்றி ஒரு மரப்பீப்பாயை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு அடி வைக்க மூன்று மூச்சு விட்டான்.

"தூக்கிப் பிடிச்சுக்கோயேன்!"

"கை விறைக்குதுடி."

ஒரு பெரிய பாறையின் மறைவில் கருமூஞ்சி படுத்திருந்தது. கத்திரித்த உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் டூகல் ஓடப் பார்த்தான். உறைந்த கம்பளி விடவில்லை. முகங்குப்புற விழுந்தவனால் எழுந்திருக்கவும் முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றது கருமூஞ்சி. பல் கிட்டித்துப்போன அந்த நிலையிலும் அதற்கு வாதம்தான் வந்தது. "துணி இல்லாம நான் சாகறேன். துணியால நீ சாகறே."

"கருமூஞ்சி, எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்," என்று மோர்னா அழுதாள்.

"என் காலைப் பாரு. முழங்காலுக்குக் கீழ ரோமம் இருக்கா? ஏன் இல்லேன்னு என்னைக்காவது கேட்டியா, எல்லாத்தையும் கேக்கறவளே? அங்க ரோமம் இருந்தா பனி ஒட்டும். தோல் நனைஞ்சா ஒரு உதறு, காஞ்சுடும். துணி நனைஞ்சா? வயிறும் முதுகும் சூடா இருந்தா, கால் தன்னைத்தானே பார்த்துக்கும்."

மோர்னா கத்திரியை எடுத்தாள்.

டூகல் தலையைத் தூக்கினான். "வேண்டாம் மோர்னா! வெட்டினா நான் வெளியேதான் நிக்கணும். இந்த வருஷமும் பாறைச் சரிவுதான். கொஞ்சம் யோசி. நீதானே எதுக்கும் ரெண்டு பக்கமும் பேசுவே, பேசு!"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மோர்னா வாதாடவில்லை. அண்ணனின் முழங்காலருகே கத்திரியை வைத்து, பனிக்கட்டி நொறுங்க நொறுங்கச் சுற்றிலும் வெட்டினாள். வெட்டிய துண்டைப் பாறையில் அடித்துப் பனியை உதிர்த்தாள். தன் போர்வையை ஆட்டின் உடம்பில் முதலில் சுற்றி, மேலே அந்தக் கம்பளியையும் சுற்றி இறுக்கிக் கட்டினாள். போர்வையில் குத்தியிருந்த ஊசி கையில் மிஞ்சியது. காற்றில் அண்ணனின் குட்டைக் கம்பளி படபடத்துத் திறந்துகொண்டதைப் பார்த்து, அந்த ஊசியை அதன் ஓரத்தில் குத்திவிட்டாள்.

டூகல் எழுந்தான். ஒரு காலை உதறினான், மறு காலை உதறினான். பிறகு ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். இல்லை, கிட்டத்தட்ட ஓடினான்.

மண்டபத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்தான். வாசல்காரன் டூகலின் முழங்காலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவன் தொப்பியே கழன்று விழுந்தது.

"எங்கேப்பா மிச்சம்? எலி தின்னுடுச்சா?"

"மிச்சம் யாருக்குச் சேரணுமோ அவங்ககிட்ட இருக்கு," என்றான் டூகல்.

அவனை வெளியே நிறுத்தினார்கள். அவன் நின்றான். நடந்த சூட்டில் கால்கள் காய்ந்து சிவந்திருந்தன. உச்சிப்பொழுது தாண்டித்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நீளத்துக்குத் தகுந்தாற்போலத் தாமதம். கடைசியில் மர்டோ. அவரைக் கதவைத் தூக்கி வருவது போல நாலு பேர் நிமிர்த்தித் தூக்கி வந்தார்கள். உள்ளே எல்லோரும் நெருப்பைச் சுற்றி நின்றார்கள். உட்கார ஒருவராலும் முடியவில்லை. தரையெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் தும்மல்.

மோர்னா வாசற்படியில் ஏறி நின்றாள். "துணி நீளமா இருக்கிறவங்க உள்ளே இருக்கீங்க. யாராவது ஒருத்தர் உட்காருங்க பார்க்கலாம். எங்க அண்ணன் உட்காருவான், நடப்பான், ஆட்டையும் தூக்கிட்டு வருவான். மேய்ச்சலைப் பத்திப் பேச யாருக்குத் தகுதி?"

மர்டோ தும்மிக்கொண்டே தன் காலைக் காட்டி, "அந்தக் கத்திரியை முதல்ல இங்கே கொண்டா, அம்மா," என்றார்.

அன்றைக்கு டூகல் உள்ளே போய்ப் பேசினான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் ஆடுகள் கடலோரப் புல்சரிவில் மேய்ந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. வசந்தத்தில் கருமூஞ்சி இரண்டு குட்டி ஈன்றது. குயில் கூவியபோது கருமூஞ்சி தானே வந்து நின்று, "இப்போ வெட்டுங்க. இதுதான் காலம்," என்றது.

குட்டிகள் மோர்னாவின் காலை முட்டி முட்டிக் கத்தின. அவள் எவ்வளவோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

"இதுங்க ஏன் இன்னும் பேசல?"

"நானும் சொல்லிக் கொடுக்கல, மத்த ஆடுங்களும் அதுங்க குட்டிக்குச் சொல்லிக் கொடுக்கல. பசிச்சா என்னைக் கூப்பிட ஒரே ஒரு சத்தம் மட்டும் கத்துக் கொடுத்தேன்."

"ஏன்?"

"பேசத் தெரிஞ்சாத்தானே வாக்கு வாங்கத் தோணும். வாக்கு வாங்கினவங்கதானே ஏமாறணும்." குட்டிகளை நக்கிக்கொடுத்துவிட்டு, "உன்மேல கோபமில்லை. போர்வை சூடாத்தான் இருந்தது," என்றது.

இந்த முறை மோர்னா எழுந்து உள்ளே போகவில்லை. இருட்டும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கருமூஞ்சி போன பிறகும் பல வருஷம், சாயங்காலமானால் மோர்னா வாசலில் வந்து உட்காருவாள். "பனிக்கு மணம் உண்டு, நான்தான் தப்பாச் சொன்னேன்," என்று அதன் பேரக்குட்டிகளிடம் சொல்லிப் பார்ப்பாள். அவை தலையைச் சாய்த்துக் கேட்கும்.

அந்த ஒரு கத்திரி வெட்டிலிருந்துதான், எவ்வளவு பனி கொட்டினாலும் அந்த மலைநாட்டு ஆண்கள் கில்ட் என்கிற அந்த இடுப்புக் கம்பளியை முழங்காலோடு நிறுத்தி ஓரத்தில் ஓர் ஊசி குத்திக்கொள்கிறார்கள். ஆடுகளும், ஏதோ சொல்ல வந்த மாதிரி நம் முகத்தைப் பார்த்து, "மே" என்று தொடங்கி, மிச்சத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன.