படலைச் சாத்தியவர்

"இன்னும் எத்தனை நாளைக்குங்க அம்மணி, உங்க முதுகையே பாத்துட்டு வர்றது?"

சென்னியப்பன் கேட்டார்.

தவமணி சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"முதுகு பிடிக்கலீங்களாண்ணா?"

"விளையாடாதீங்க. வந்த நாள்ல இருந்து பின்னாலயே வர்றேன். பாடம்னு ஒண்ணுகூடச் சொல்லித் தரலை. நான் எப்ப முன்னால போறது?"

ஸ்பெயின் நாட்டின் மேற்குச் சீமையில், ஆட்டு மந்தைகளை ஓட்டிப் போவதற்கென்றே விட்டு வைத்த பழைய பாதைகள் உண்டு. வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் அந்தப் பாதைகளில் கூட்டிப்போவது தவமணியின் தொழில். தாராபுரத்துப் பெண். படிக்க வந்தவர், பாதை பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்.

சென்னியப்பன் காங்கேயத்துக்காரர். நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தவமணி வயதில் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். ஸ்பெயினில் வழிகாட்டியாகப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு விமானம் ஏறியவர். ஆகாமல் திரும்பினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. அவரைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மனுஷன் ஒன்றை நினைத்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார்.

தவமணி எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"நாளைக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு கூட்டம் வருதுங்ண்ணா."

"தெரியுமுங்க."

"அவங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்."

சென்னியப்பன் ஓரடி முன்னால் வந்தார்.

"இன்னிக்கு நீங்க முன்னால போங்க. பொழுது சாயறதுக்குள்ள மலைமேல வால்செகா ஊருக்குப் போய்ச் சேந்துட்டா, நாளைக்குக் கூட்டம் உங்களுது."

"சேரலீன்னா?"

"சேருவீங்க."

"இல்லீங்க, சேரலீன்னா?"

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

"அப்பப் பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி. சேரலீன்னா நான் ஊருக்கே போயிடறேன்."

அவர் சைக்கிளில் ஏறினார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

சமவெளி வெந்துகொண்டிருந்தது. செம்மண் பாதை. இரண்டு பக்கமும் காய்ந்த புல், ஆங்காங்கே ஓக் மரம். மரத்தடியில் ஆடுகள் தலையைத் தொங்கப்போட்டு ஒன்றின் நிழலில் ஒன்று முகத்தை ஒளித்து நின்றன. காங்கேயத்து மேய்ச்சல் நிலமான கொறங்காடு மாதிரியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கிளுவை வேலிக்குப் பதில் கம்பி வேலி, அவ்வளவுதான்.

பாதை அந்தக் கம்பி வேலியைத் தாண்டும் இடத்தில் ஒரு இரும்புக் கதவு இருந்தது. நம் ஊர்க் காட்டில் இதைப் படல் என்போம்.

கதவு விரியத் திறந்து கிடந்தது.

சென்னியப்பன் பிரேக் பிடித்தார்.

படல் திறந்து கிடந்தால் காங்கேயத்துக்காரனால் தாண்டிப் போக முடியாது. சின்ன வயதில் ஒரு நாள் திறந்து போட்டுவிட்டு வந்ததற்கு, அவர் அப்பா அரை மைல் தூரம் துரத்தி அடித்திருக்கிறார். வெள்ளாடு வெளியே வந்தால் பக்கத்துக் காட்டுச் சோளம் போச்சு, பக்கத்துக் காட்டுக்காரனோடு பேச்சுவார்த்தையும் போச்சு.

கதவைக் கயிறு போட்டு ஒரு கல்லோடு கட்டியிருந்தார்கள்.

"கட்டிப்போட்டுட்டு மறந்துட்டுப் போயிருக்கான் பாரு," என்றார் தனக்குள்.

கயிற்றை அவிழ்த்தார். அப்புறம் சாத்தினார். கொக்கியை மாட்டி இழுத்தும் பார்த்துக்கொண்டார். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மிதித்தார்.

வளைவு தாண்டியதும் ஒரு கல் தொட்டி. நிறையத் தண்ணீர். முகம் கழுவி, துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் தவமணியைக் காணோம். அவரையே பின்தங்க வைத்துவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

பிறகு ஏற்றம்.

அந்த ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறினார். கால் நடுங்கியபோது இறங்கித் தள்ளினார். நடுக்கம் நின்றதும் மறுபடி ஏறினார். மதியம், வழியிலிருந்த ஒரே கிராமமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கிற்று. தண்ணி வேணுமா என்று கேட்க ஒரு நாய்கூட இல்லை. அவர் நிற்கவில்லை.

மலைத் தோளில் பாதையோரம் ஒரு நீரூற்று இருந்தது. அங்கே இறங்கினார். எதிரே வால்செகா தெரிந்தது. மாதா கோயில் கோபுரம், அதன் உச்சியில் நாரைக் கூடு. ஒரு மிதி மிதித்தால் போய்விடலாம் போலிருந்தது. பொழுது இன்னும் நன்றாக இருந்தது.

ஜெயித்துவிட்டார்.

தவமணி மெல்ல வந்து சேர்ந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். குடித்தார்.

"வழியில என்ன பாத்தீங்கண்ணா?"

"எல்லாம் பாத்தேனுங்க."

"சொல்லுங்க."

"கம்பி வேலி. ஒரு படல் திறந்து கிடந்துச்சு. எவனோ பொறுப்பில்லாதவன். சாத்திட்டு வந்தேன்."

"சரி."

"அதுக்கு இந்தப் பக்கம் ஒரு கல் தொட்டிங்க. தண்ணின்னா அப்படி ஒரு தண்ணி. ஆச்சரியம் என்னன்னா, அவ்வளவு தண்ணி இருந்தும் அங்க ஒரு ஆடுகூட..."

நிறுத்தினார்.

தவமணி ஷூ நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

"ஆடு எல்லாம் எங்க இருந்துச்சுங்கண்ணா?"

சென்னியப்பன் கழுத்தில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரமாக இருந்தது.

ஆடெல்லாம் படலுக்கு அந்தப் பக்கம். அந்தக் கயிறு. மறந்துவிட்டுப் போகிறவன் எதற்காக அதைக் கல்லோடு கட்டுகிறான்?

வால்செகாவைப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். கீழே போய்த் திரும்பி ஏறினால் பொழுது சாய்ந்துவிடும். அது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஊரில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்பதும் வரிசையாக மனதில் ஓடிற்று.

சைக்கிளைத் திருப்பினார்.

"எங்க போறீங்கண்ணா?"

"வந்தர்றேனுங்க."

ஏறும்போது நகராத பாதையெல்லாம் இறங்கும்போது கடகடவென்று ஓடிற்று. பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. தாகத்தில் நிற்கிற ஆடு எப்படி மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியும். மில் வேலைக்குப் போகும்வரை ஆட்டோடு வளர்ந்தவர். அதுதான் அவரைப் போட்டு வதைத்தது.

வளைவில் திரும்பினார்.

கல் தொட்டியைச் சுற்றி ஆடுகள். ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தன. குடித்து முடித்தவை பக்கத்தில் படுத்து அசை போட்டன.

சென்னியப்பன் இறங்கி, படல் வரைக்கும் நடந்து போனார்.

விரியத் திறந்து கிடந்தது. கயிறு போட்டுக் கல்லோடு கட்டியிருந்தது.

முடிச்சைக் குனிந்து பார்த்தார். அவர் காலையில் அவிழ்த்த முடிச்சு இல்லை இது. கன்றுக்குட்டியைக் கட்டுத்தறியில் கட்டுகிற முடிச்சு. நம் பக்கத்து முடிச்சு.

முதலில் கோபம் வந்தது. நல்ல கோபம். படலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆடு ஒன்று அவரைச் சட்டை செய்யாமல், திறந்த வழியில் போயிற்று.

அவர் நீரூற்றுக்குத் திரும்பி ஏறி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தவமணி அதே கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"படல் திறந்துதானுங்க இருந்துச்சு."

"அப்படீங்களா."

"நீங்கதான திறந்தீங்க."

"பின்னால வந்தவ நான்தானுங்கண்ணா."

"அதை இங்கயே சொல்லியிருக்கலாமில்லீங்களா? நான் பாட்டுக்கு அவ்வளவு தூரம் இறங்கி ஏறி..."

"நீங்க கேக்கலீங்களே."

சென்னியப்பன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பொழுது சாஞ்சிருச்சுங்க அம்மணி."

"சாஞ்சிருச்சுங்கண்ணா."

"சொன்னது சொன்னதுதானுங்க. டிக்கெட் போட்டர்றேன்."

தவமணி எழுந்து, கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தார்.

"வாங்க. சாப்பாடு ஆறிப்போகும்."

மறுநாள் காலை வால்செகாவில் கோயமுத்தூர்க் கூட்டம் தயாராக நின்றது. புதுச் சட்டை, புது ஹெல்மெட், ஓயாத பேச்சு.

தவமணி கையைத் தட்டினார்.

"இவரு பேரு சென்னியப்பன். இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறவரு இவருதான்."

எல்லோரும் வழி விட்டார்கள்.

"வாங்கண்ணா, முன்னால வாங்க," என்றார் ஒருவர்.

சென்னியப்பன் தவமணியைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசி ஆளுக்கும் பின்னால் போய் நின்றார்.

"முன்னால அம்மணி போவாங்க. நீங்க கிளம்புங்க."

தவமணி ஏறி மிதித்தார்.

மலை இறங்கினார்கள். கல் தொட்டியைத் தாண்டினார்கள். கூட்டம் படல் வழியாக உள்ளே போயிற்று. வேலிக்குள் ஆடுகள் காலை மேய்ச்சலில் இருந்தன.

கூட்டத்தில் கடைசியாகப் போன காந்திபுரத்துக்காரர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். கயிற்றை அவிழ்த்தார். படலைச் சாத்தி, கொக்கியை மாட்டி, இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

"திறந்து போட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க," என்று முன்னால் போகிறவர்களிடம் கத்திச் சொல்லிவிட்டு, திருப்தியோடு மிதித்துப் போனார்.

தூசி அடங்கிற்று.

சென்னியப்பன் வந்து சேர்ந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கொக்கியைக் கழற்றினார்.