நடைவழியின் அகலம்

ஆற்று வெள்ளத்தில் குடிசையை இழந்தவர்களுக்கு மடத்து நிலத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு நல்லபெருமாளிடம். வேலையில் இருந்த காலத்தில் பாலங்கள் கட்டியவர். ஓய்வு பெற்றபின் அந்த மடத்து வெள்ளியம்பலச் சாமியிடம் சீடராகச் சேர்ந்திருந்தார். சாமி அவரைவிட வயதில் இளையவர்.

முதல் வீடு எழும்பியதும் நல்லபெருமாள் சாமியிடம் போனார்.

“சாமி, கூலி வேலைக்குப் போய்ப் பிழைக்கிற ஜனங்க. அவங்களால கட்ட முடிஞ்ச தவணைக்குள்ள வீடு அடங்கணும். முடிஞ்ச மட்டும் சுருக்கிட்டேன். இன்னும் எதைக் குறைக்கலாம்?”

சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

புது வீட்டு வாசலில் பெண்கள் செங்கல்லுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சாமி உள்ளே போனார். ஒடுங்கிய நடைவழியில் திரும்பி, உள்ளறையை அடைந்து, சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தார்.

“நான் செத்துட்டேன். தூக்கிட்டுப் போங்க.”

கண்ணை மூடிக்கொண்டார்.

கொத்தனார் சிரித்துவிட்டார். சாமி அசையவில்லை. சிரிப்பு நின்றது.

நல்லபெருமாள் தலைமாட்டைப் பிடித்தார், கொத்தனார் கால்மாட்டை. பக்கத்துக்கு ஒரு ஆள். அறை வாசலைத் தாண்டியாயிற்று. நடைவழி திரும்பும் இடத்தில் உடம்பு மாட்டிக்கொண்டது. சாய்த்துப் பார்த்தார்கள். பக்கத்தில் பிடித்தவர்களுக்கு நிற்க இடமில்லை. சாமியின் கை தொங்கி, சுவரில் உரசி, முழங்கையில் ரத்தம் கசிந்தது. முகத்தில் சிறு சுளிப்புகூட இல்லை.

“சாமி, போதும். எந்திரிங்க.”

சாமி கண் திறக்கவில்லை. நல்லபெருமாள் குனிந்து சாமியின் மூக்கருகே கன்னத்தை வைத்தார். மூச்சு பட்டதா, இல்லையா?

சுடலைவடிவு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கென்று ஒதுக்கிய வீடு அது.

“உக்கார வச்சுத்தான் கொண்டுபோகணும், ஐயா” என்றாள் மெதுவாக. “டவுன்ல மாடியில குடியிருந்தப்போ எங்க வீட்டுக்காரர அப்படித்தான் இறக்கினோம். நாற்காலியில வச்சு, சேலையால கட்டி. தலை மட்டும் நிக்கல. நான் பிடிச்சுக்கிட்டே வந்தேன்.”

நல்லபெருமாள் நடைவழிக்கும் முன்னறைக்கும் நடுவிலிருந்த சுவரைப் பார்த்தார். காகிதத்தில் அதைக் கோடாக இழுத்தது அவர் கைதான்.

“சாமியை உள்ள படுக்க வைங்க. கடப்பாரை கொண்டாங்க.”

முதல் அடியை அவரே போட்டார். ஈரம் காயாத பச்சைச் சுவர், சீக்கிரமே சரிந்தது. முன்னறை வெளிச்சம் உள்ளே பாய்ந்தது.

இம்முறை நாலு பேரும் தோளோடு தோளாக நின்று தூக்கினார்கள். உடம்பு எங்கும் இடிபடாமல், மல்லாந்தபடியே, நேராக வெளியே போனது. வாசலில் நின்ற பெண்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். யாரும் சொல்லவில்லை. தானாகக் கும்பிட்டார்கள். ஆற்றின் மேல் தன் முதல் பாலம் நின்ற நாளில்கூட நல்லபெருமாளுக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை.

மணல்மேட்டில் இறக்கினார்கள். சாமி கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தார்.

நல்லபெருமாள் எதிரில் மண்டியிட்டார்.

“சுவரைத் தள்ளிக் கட்டினா செலவு கூடும், சாமி. அப்போ எதைத்தான் குறைக்கிறது?”

சாமி முழங்கை ரத்தத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, வாசலில் நின்ற சுடலைவடிவைப் பார்த்தார்.

“செத்தவனுக்கு எவ்வளவு இடம் வேணும்னு பார்த்தாச்சு. மத்ததை அந்தம்மாகிட்டக் கேளுங்க. உயிரோட இருக்கப்போறது அவங்கதானே?”