முதல் தண்ணி

"பூச்சிக்கு மட்டும்தான் உங்க மடத்துல கருணையா? மனுசனுக்கு இல்லையா?"

கேட்டவர் போஜன். முதுகில் மருந்தடிக்கிற டேங்க். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க மலையேறி வந்திருந்தார்.

உமையாள் அம்மை குழாயடியில் உட்கார்ந்து கீரை அலசிக்கொண்டிருந்தார். போஜனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் போஜனுக்கு அவர்தான் குரு.

"உக்காருங்க."

"உக்கார வரலைம்மா. வாக்கைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தேன்."

மடத்துக்குக் கீழே போஜனுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. மூன்று வருடத்துக்கு முன், ஒரு பௌர்ணமியன்று அம்மையின் பேச்சைக் கேட்டு உருகிப்போய், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இனி என் செடியில மருந்து விழாது" என்று சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வேகத்தில் வந்த வாக்கு.

வேறு ஆளாக இருந்தால் சத்தமில்லாமல் அடித்துவிட்டு, மடத்துக்கு வந்து விழுந்து கும்பிட்டிருப்பார். அப்படிக் கும்பிடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. போஜனுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. அதுவும் சேர்ந்துதான் அவருக்கு எரிச்சல்.

"வந்து பாருங்கம்மா என் தோட்டத்தை. செஞ்சிலந்திப் பூச்சி ஏறி இலையெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. வேலிக்கு அந்தப்பக்கம் மச்சான் தோட்டம். பச்சைப்பசேல்னு நிக்குது. ஏன்? அவன் அடிக்கிறான். அவன் தோட்டத்துப் பூச்சியும் சேர்ந்து என் தோட்டத்துக்குக் குடிவருது!"

"நீங்க ஒண்ணுமே அடிக்கலையா?"

"வேப்பெண்ணெய் அடிச்சேன். பூண்டும் மிளகாயும் அரைச்சு அடிச்சேன். அதுங்க சட்னி தொட்டுக்கிட்டு தின்ன மாதிரி தின்னுட்டுப் போகுது. நீங்க இங்க உக்காந்து எல்லா உயிரும் ஒண்ணுன்னு சொல்லுவீங்க. உங்களுக்கென்ன, உங்க கீரையில பூச்சி விழுந்தா நாலு இலையைக் கிள்ளிப் போட்டுட்டுப் போயிடுவீங்க. எனக்கு அது சோறும்மா! இந்த வருசமும் இப்படிப் போச்சுன்னா செடியைப் பிடுங்கிட்டு, மச்சான் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகணும். போகட்டுமா? சொல்லுங்க!"

அம்மை கீரைத் தண்ணீரைக் கொட்டினார். அடியில் மண் தங்கியிருந்தது. பாத்திரத்தில் மறுபடி தண்ணீர் பிடித்தார்.

"வாக்கைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

போஜன் விழித்தார். வழியெல்லாம் சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர். இன்னும் பாதிப் பேச்சு பாக்கியிருந்தது.

"அப்படின்னா... அடிக்கலாமா?"

"உங்க செடி. நாளைக்கே அடிங்க."

"உங்களுக்குக் கோபம் இல்லையே?"

"இல்லை. ஒரு சந்தேகம்தான். நான் சமவெளிக்காரி, எனக்குத் தெரியாது." அம்மை கீரையை மறுபடி முக்கினார். "மருந்தடிச்ச இலையை எத்தனை தண்ணியில கழுவணும்?"

"எந்த இலையை?"

"தேயிலையைத்தான்."

போஜனுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தோடு வந்த சிரிப்பு.

"தேயிலையை யாரும்மா கழுவுவாங்க! செடியில இருக்கும்போது மழை பெஞ்சா உண்டு. பறிச்சதுக்கப்புறம் கழுவுறதே கிடையாது. வாட வைப்பாங்க, நறுக்குவாங்க, உலர்த்துவாங்க, சலிச்சு மூட்டை கட்டுவாங்க. கழுவினா சாரமெல்லாம் போயிடுமே!"

"அரிசியைக் கழுவுறோமே. கீரையைக் கழுவுறோமே."

"அது வேற, இது வேற. தேயிலைமேல ஊத்துற முதல் தண்ணி, டீ போடுற வெந்நீர்தான். அந்தத் தண்ணியைத்தான் நாம..."

போஜன் நிறுத்தினார்.

"நாம?"

"...குடிக்கிறோம்."

அம்மை தலையாட்டினார். கீரைத் தண்ணீரைக் கொட்டினார். இந்த முறை மண் குறைவாக இருந்தது.

"சரி. அடிச்சு முடிச்சதும், பறிக்கிற முதல் இலையில எனக்கும் ஒரு பிடி தூள் கொண்டாங்க."

போஜனுக்குச் சுருக்கென்றது. இப்படியா நினைத்துவிட்டார் தன்னை!

"அதை உங்களுக்குக் கொண்டாந்து தருவேனாம்மா? என்னை என்னன்னு நினைச்சீங்க? வீட்டுப் பின்னாடி பத்துச் செடியை மட்டும் விட்டுட்டுத்தான் அடிக்கப்போறேன். உங்களுக்கும் எங்க வீட்டுக்கும் அதுலதான். கையால உருட்டி, நானே காயவச்சுக் கொண்டு வருவேன். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க. அடிச்ச இலையை எவனாவது வீட்டுல குடிப்பானா?"

அம்மை கீரையை வடிதட்டில் போட்டார். கையை உதறித் துடைத்துக்கொண்டார். அவருக்கு அவசரமே இல்லை.

"களைச்சு வந்திருக்கீங்க. ஒரு வாய் டீ போடவா?"

"வேணாம்மா. வர்ற வழியில சந்திக் கடையில ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டேன்."

"யார் வீட்டுப் பின்னாடி செடி?"

"கடை டீக்கு ஏதும்மா அதெல்லாம்? எங்கேயோ வாங்கின தூளு. எவன் எதை அடிச்சானோ..."

போஜனின் கை தானாக வாய்க்குப் போனது. புறங்கையால் உதட்டைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். அப்புறம்தான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறி வரும்போது இருந்ததைவிடப் பெரிய கோபம்.

"பாருங்கம்மா அநியாயத்தை! எனக்கு அந்த மருந்துத் தண்ணியை ஊத்திட்டு, அடிச்ச தோட்டக்காரன் மட்டும் வீட்டுல நல்லதைக் குடிப்பான்! பின்னாடி தனியாப் பத்துச் செடி வச்சிருப்பான், படுபாவி!"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மை அதை இறுக்கி மூடினார்.

போஜன் தோளிலிருந்து டேங்கின் ஒரு வாரைக் கழற்றினார். அடுத்த வாரையும் கழற்றினார். டேங்கைக் கீழே வைத்தார்.

"இது மச்சானோடது," என்றார். குரல் இறங்கியிருந்தது. "போற வழியில கொடுத்துடறேன்."

"செஞ்சிலந்தி?"

"அது அங்கேதான் இருக்கும். வேற வழி தேடணும்." எரிச்சல் இன்னும் தீரவில்லை. டேங்கைக் கையில் தூக்கிக்கொண்டு படிவரை போனவர் திரும்பினார்.

"வாக்கைத் திருப்பிக் கொடுத்துட்டீங்கல்ல?"

"கொடுத்துட்டேன்."

"மறுபடி வாங்கிக்கங்க."