பந்து விழட்டும் என்று காத்திருந்த ஆள்காட்டி

ஏரிக்கரைப் புல்வெளியின் ஓரத்தில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்து வந்தது. கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. தரையில் ஒரு சின்னக் குழி. சுற்றிலும் கூழாங்கற்கள். முட்டைகளும் அதே நிறம்தான். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கல் எது, முட்டை எது என்று தெரியாது.

மஞ்சக்காலி முதன்முதலாக இட்ட முட்டைகள் அவை.

ஆள்காட்டிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டை இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். யாராவது கிட்டே வந்தால் வேறு பக்கமாகப் பறந்துபோய், அங்கேதான் முட்டை இருப்பதுபோலக் கத்துவார்கள். வந்தவன் அந்தப் பக்கம் போய்த் தேடி ஏமாறுவான். காட்டில் எந்த ஆபத்து வந்தாலும் முதலில் கத்துவதும் ஆள்காட்டிதான். அதற்குத்தானே அந்தப் பெயரே!

ஆனி பிறந்தால் அந்தப் புல்வெளியில் பந்தாட்டம் தொடங்கிவிடும். மனிதர்கள் டென்னிஸ் என்று ஆடுகிறார்களே, அதே ஆட்டம்தான். நடுவில் ஒரு கொடியை இழுத்துக் கட்டுவார்கள். தூக்கணாங்குருவி நாரில் பின்னிக் கொடுத்த பந்து. பனையில் செதுக்கிய மட்டை. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று பார்க்க மூலைக்கு ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும்.

போட்டி முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். அதனால் முயலும் நரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கு ஊதாவாகும்வரை நாவல்பழம் தின்றுகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள்.

மஞ்சக்காலிக்கும் ஆட்டம் என்றால் உயிர். ஆனால் கூச்ச சுபாவம். கூட்டத்துக்குள் போக வெட்கம். முட்டைமேல் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். 'டப்' என்று கனமாகக் கேட்டால் வெள்ளைத்தாடி அடித்த பந்து. 'டக்' என்று வெடித்தால் கீரியின் பந்து. சத்தத்தை வைத்தே யார் ஜெயிக்கிறார்கள் என்று சொல்லிவிடும்.

வெள்ளைத்தாடி ஒரு வயதான குரங்கு. பல வருஷமாக அதுதான் ஜெயித்து வந்தது. காடே அதன் பக்கம். மஞ்சக்காலியின் புருஷன் நெட்டையன் இருக்கிறதே, அதற்கு வெள்ளைத்தாடிப் பைத்தியம்.

அரையிறுதி ஆட்டத்தன்று நெட்டையன் சொன்னது: "காலிறுதி எல்லாம் நான் பார்த்துட்டேன் புள்ள. இன்னைக்கு நீ போயிட்டு வா. முட்டைமேல நான் உட்கார்றேன்."

"நான் தனியாவா? எல்லாரும் பார்ப்பாங்களே!"

"உன்னையா பார்க்கப் போறாங்க? பந்தைத்தான் பார்ப்பாங்க. போ!"

மஞ்சக்காலி போனது. கூட்டத்தின் கடைசியில், மைனாவுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தது. காதால் மட்டுமே கேட்டு வந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தபோது அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. வெள்ளைத்தாடி மட்டையை ஓங்கியது. அந்த நேரம் பார்த்துப் புல்மேல் ஒரு கறுப்பு நிழல் ஓடியது. வேற்றுக் காட்டுப் பருந்து! அதற்கு இந்தக் காட்டுச் சட்டம் எங்கே தெரியும்? நிழல் நேராக நெட்டையன் இருக்கும் பக்கம் போனது.

மஞ்சக்காலி தன்னை மறந்து கத்திவிட்டது. அந்தக் கத்தலில் பருந்து மிரண்டு திரும்பிப் போனது. ஆனால் வெள்ளைத்தாடியும் மிரண்டது. பந்து கொடியில் போய் மாட்டிக்கொண்டது.

"யாருடி அது, கழுத்தை அறுத்த மாதிரி கத்துறது?" என்று மைனா சீறியது.

"வெளியே தள்ளுங்க அவளை!" என்று முயல்கள் குதித்தன.

வெள்ளைத்தாடி மூச்சு வாங்கி, தட்டுத் தடுமாறி, கடைசியில் எப்படியோ ஜெயித்துவிட்டது. இருந்தாலும் கூட்டத்துக்குக் கோபம் ஆறவில்லை. மஞ்சக்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கொஞ்சம் தவறியிருந்தா எங்க ஆளு தோத்திருப்பான்! ஏற்கெனவே இறுதிக்கு வந்துட்ட கீரிக்கு நீ வேண்டியவளா?"

மஞ்சக்காலி பின்னால் நகர்ந்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்தது அதன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எதையாவது சொல்லித் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

"இல்லக்கா... பருந்து வந்துச்சுக்கா. என் முட்டை அதோ, அந்த வெள்ளைப் பாறைக்குக் கீழ்ப்பக்கம்தான் இருக்கு. அதான் பயந்து கத்திட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அதற்கு உறைத்தது. எந்த ஆள்காட்டியும் சொல்லாததை அது ஊர் நடுவே சொல்லிவிட்டது!

கூட்டத்தில் பாதிப் பேர் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஓர் உடும்பு மட்டும் வாங்கிக்கொண்டது. அதன் நாக்கு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போனது.

"பாவம், சின்னப் பொண்ணு. விடுங்கப்பா!" என்று உடும்பு நடுவில் வந்து நின்றது. "ஆனா ஒண்ணு. இறுதி ஆட்டத்துல இப்படி ஆகிடக் கூடாது. பந்து ஆட்டத்துல இருக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது, இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு போட்டுட்டா என்ன? பந்து விழுந்த பிறகு எவ்வளவு வேணும்னாலும் கத்திக்கட்டும்."

"ஆகா! சரியான பேச்சு!" என்றது மைனா.

"மீறினவங்களை இனி இந்தப் புல்வெளிப் பக்கமே சேர்க்கக் கூடாது!" என்றன முயல்கள்.

கொக்குகள் தலையாட்டின. கட்டுப்பாடு வந்துவிட்டது.

உடும்பு மஞ்சக்காலியின் பக்கம் குனிந்து, "தங்கச்சி, உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன். தப்பா நினைச்சுக்காதே" என்றது. மஞ்சக்காலி அதற்கு நன்றிகூடச் சொன்னது.

இறுதி ஆட்டத்தன்று வெயில் கொளுத்தியது. இந்த மாதிரி நாளில் ஆள்காட்டிகள் ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துவந்து, முட்டைமேல் உட்கார்ந்து குளிர வைக்கும். ஒன்று போனால் இன்னொன்று காவல் இருக்கும்.

நெட்டையன் இருப்புக் கொள்ளாமல் அங்கேயும் இங்கேயும் நடந்தது.

"வெள்ளைத்தாடிக்கு இதுதான் கடைசி வருஷமாம். வா புள்ள, ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்."

"நீங்க போங்க. நான் வரல. எனக்கு அங்கே முகம் காட்டவே பிடிக்கல."

"நீ வராட்டிதான் பேசுவாங்க. கோவிச்சுக்கிட்டான்னு சொல்வாங்க. இன்னைக்கு வந்து வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்து காட்டு. எல்லாரும் அன்னைக்கு நடந்ததை மறந்துடுவாங்க."

"முட்டை?"

"சட்டம் இருக்கும்போது யாரு தொடப்போறாங்க? அதோ பாறை. அங்கே உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, ஏரியில வயித்தை நனைச்சுட்டு வந்துடலாம்."

மஞ்சக்காலிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் ஊர் மறந்துவிடும் என்ற ஒரு சொல் அதை இழுத்துப் போனது.

கூட்டம் அலைமோதியது. மைனா மஞ்சக்காலியைப் பார்த்து, "வந்துட்டாம்மா வாயாடி! இன்னைக்கு வாயில ஒரு நாவக்கொட்டையை அடைச்சுக்க!" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். மஞ்சக்காலியும் சேர்ந்து சிரித்துவைத்தது.

வெள்ளைத்தாடியும் கீரியும் சமமாக ஆடினார்கள். புல் தேய்ந்து மண் தெரிந்தது. கடைசியில் ஒரே ஒரு பந்து மிச்சம் என்ற நிலை வந்தது. வெள்ளைத்தாடி அதை எடுத்துவிட்டால் ஜெயித்தது. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பந்து எழும்பியது.

டப்! எல்லாத் தலையும் இடப்பக்கம் திரும்பின. டக்! எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பின.

மஞ்சக்காலி மட்டும் பாறையைப் பார்த்தது. பாறைக்கு இந்தப் பக்கம் புல் அசைந்தது. காற்றே இல்லை. புல் எப்படி அசையும்?

உடும்பு!

தலைகள் இடப்பக்கம் திரும்பும்போது அது ஓரடி வைத்தது. தலைகள் பாறைப் பக்கம் திரும்பும்போது கல்மாதிரிக் கிடந்தது. மறுபடி ஓரடி. மறுபடி கல்.

மஞ்சக்காலியின் தொண்டைவரை கத்தல் வந்துவிட்டது. அலகைத் திறந்தது. மைனாவின் முதுகு தெரிந்தது. அன்றைக்குச் சூழ்ந்து நின்ற முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அலகை மூடிக்கொண்டது.

இறக்கையால் நெட்டையனை இடித்தது. "என்னங்க..."

"உஷ்!" என்றது நெட்டையன். பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

'இதோ, இப்போ விழுந்துடும். விழுந்ததும் கத்திடலாம்' என்று மஞ்சக்காலி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. 'பந்து விழட்டும். விழட்டும்.'

பந்து விழவில்லை. வெள்ளைத்தாடி விழுந்து புரண்டு எடுத்தது. கீரி எகிறி எடுத்தது. அந்தக் காட்டில் அதுவரை யாரும் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. உடும்பு பாறையைத் தொட்டது. பாறையைச் சுற்றியது. அதன் வால் மட்டும் தெரிந்தது. பிறகு வாலும் தெரியவில்லை.

டப்! கீரியின் மட்டை காற்றைத்தான் அடித்தது. பந்து விழுந்துவிட்டது.

மஞ்சக்காலி கத்தியது. உயிர் போகக் கத்தியது. ஆனால் அதே நேரம் காடு முழுவதும் கத்தியது! மயில் அகவியது, நரி ஊளையிட்டது, முயல்கள் தரையை உதைத்தன. மைனா திரும்பி மஞ்சக்காலியைக் கட்டிக்கொண்டது.

"பாருங்கடி! ஆள்காட்டியும் நம்ம ஆளுக்காகக் கத்துறா! இனி இவ நம்மவ!"

மஞ்சக்காலி அந்தப் பிடியை உதறிக்கொண்டு பறந்தது.

குழியில் ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. கொஞ்சம் ஈரம் இருந்தது. அதையும் வெயில் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பாறை நிழலில் உடும்பு கண்ணை மூடிப் படுத்திருந்தது.

மஞ்சக்காலி அழுது புலம்பியதைக் கேட்டுக் கூட்டம் வந்து சேர்ந்தது.

"போட்டி முடியுமுன்னே தின்னுட்டான்! சட்டத்தை மீறிட்டான்!" என்று மஞ்சக்காலி கதறியது.

உடும்பு மெல்லக் கண்ணைத் திறந்தது. "யாரு சொன்னது? கடைசிப் பந்து விழுந்த பிறகுதான் நான் வாயை வச்சேன். இல்லேன்னு யாராவது பார்த்தீங்களா?"

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் பந்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

"நான் பார்த்தேன்! நீ ஊர்ந்து வந்ததை ஒவ்வோர் அடியா நான் பார்த்தேன்!"

"நீயா?" உடும்பு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது. "ஆபத்தைப் பார்த்துட்டு ஆள்காட்டி கத்தாம இருக்குமா? எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? இவ பார்த்திருந்தா கத்தியிருப்பா. கத்தலையே! அப்போ பார்க்கலைன்னுதானே அர்த்தம்?"

கொக்குகள் யோசித்தன. பிறகு தலையாட்டின.

மைனா ஊதா நாக்கால் அலகை நனைத்துக்கொண்டு, "ஏம்மா, நிஜமாவே பார்த்திருந்தா அப்பவே ஒரு சத்தம் கொடுத்திருக்கக் கூடாதா? குழந்தைங்க சமாசாரத்துல நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?" என்றது.

மஞ்சக்காலி குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கலைந்தது. வெள்ளைத்தாடியின் கடைசி அடியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் பேச்சு தூரத்தில் தேய்ந்து அடங்கியது.

நெட்டையன் இது ஒன்றும் அறியாமல், ஜெயித்த சந்தோஷத்தில் ஏரியில் முங்கி எழுந்து, வயிற்று இறகு சொட்டச் சொட்ட ஓடி வந்தது. குழியின் ஓரத்தில் வந்து நின்றது. எதன்மேல் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தது. அதன் வயிற்றிலிருந்து தண்ணீர் வெறும் கூழாங்கற்கள்மேல் சொட்டியது.

பெற்ற பிள்ளைக்கு ஆபத்து என்று கண்ட பிறகும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டவர்களுக்கு, அந்த நாலு பேரும் பின்னால் சாட்சிக்குக்கூட வர மாட்டார்கள்.