வாசலில் ஒரு மாக்கோடு

"அம்மா, ஒரே ஒரு நாள். எல்லா வீட்டிலும் நுழைந்து தேட, மாக்கோட்டைத் தாண்ட எங்களுக்குச் சம்மதம் கொடுங்கள்" என்று கேட்டான் செங்கோடன்.

அவன் அரசனின் காவல் தலைவன். மேட்டுக் குடிசைக்கு வெளியே வெயிலில் நின்றான். உள்ளே உலகம்மை வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைவிட வயதில் இளையவள். ஆனாலும் அவளிடம்தான் அவன் பாடம் கேட்டு வந்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் விடிந்ததும் வாசற்படிக்கு முன்னால் அரிசி மாவால் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். வீட்டார் தாங்களே அதைத் துடைத்து அழைத்தாலொழிய அரசனின் ஆட்கள் உள்ளே கால் வைக்கக் கூடாது. அரசனும் கூடாது.

முடிசூடும் அரசன் அன்றைக்கே கடைசித் தெருவின் கடைசி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அழைக்கும் வரை நிற்க வேண்டும். இப்போதைய அரசனை அந்த வீட்டுக்காரி உச்சிப்பொழுது வரை நிற்க வைத்துவிட்டு, அடுப்பு வேலை முடியவில்லை என்று சொன்னாளாம்.

வழக்கத்தை நிறுத்தி வைக்க மூன்று சம்மதம் வேண்டும். அரசனுடையது, ஊர்ச்சபையுடையது, இந்தக் குடிசையில் இருப்பவருடையது.

முதல் இரண்டும் கிடைத்துவிட்டன.

ஊரில் யாரோ கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்றான் செங்கோடன். முதலில் மாடுகள் செத்தன. பிறகு ஒரு நெசவாளியின் மகள். இப்போது அவனுடைய மகன் வாந்தியெடுத்துக் கை கால் சில்லிட்டுக் கிடக்கிறான். அடுத்த வீட்டில் கொடுக்கும் தண்ணீரை யாரும் வாங்குவதில்லை. தாய்மார்கள் குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள்.

சாயம் காய்ச்சும் மாசிலான்மேல் எல்லாருக்கும் சந்தேகம். கோட்டைத் துடைக்கச் சொன்னால் அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடுங்குகிறான்.

"குற்றமில்லாதவன் ஏன் நடுங்க வேண்டும்?"

"நீரும்தான் நடுங்குகிறீர்" என்றாள் உலகம்மை.

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கோட்டுக்கு மேலாக நீட்டினாள். அவன் வாங்கினான். குடிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் செம்பைத் திரும்ப வாங்கி இரண்டு மிடறு குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். அப்போதும் அவனால் குடிக்க முடியவில்லை; செம்பைப் படியோரம் வைத்தான்.

"ஒரு பிடி மாவு அம்மா. எறும்பு தின்கிறது, கோழி கலைக்கிறது. அதற்குப் பயந்து என் பிள்ளையைச் சாகவிடுவதா?"

அவள் ஈரத்துணியை எடுத்து வந்து குனிந்தாள். தன் வாசலில் இருந்த கோட்டை முழுவதும் துடைத்தாள்.

"உள்ளே வாரும். தேடும்."

"உங்கள் வீட்டிலா?"

"எல்லா வீட்டிலும் என்றுதானே சொன்னீர்?"

அவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். தேடுவதற்கு அங்கே அதிகம் இல்லை. அடுப்புக்கு மேல் பலகையில் நான்கு சிறு பானைகள். மூன்றாவதைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

அரைத்த அரளி வேர்.

"தோலில் வரும் படைக்குப் பூசுவது" என்றாள் அவள். "உம்முடைய வீட்டில் இல்லையா?"

அவன் மனைவி தலைப் பேனுக்கு எண்ணெயில் காய்ச்சி வைத்திருந்தாள். அந்த வேரைப் பக்கத்து வீட்டில்தான் கேட்டு வாங்கியிருந்தாள்.

"இருக்கிறது" என்றான் மெதுவாக.

"உம்முடைய வீட்டுக்குள் யார் போய்த் தேடுவார்?"

"என் துணைத் தலைவன். வேட்டுவன்."

"உம்முடைய பதவிமேல் கண் வைத்திருப்பதாக முன்னொரு நாள் சொன்னீரே, அவனா?"

செங்கோடன் பானையை மூடினான். அவன் வீட்டில் மகனும் மனைவியும் மட்டுமே இருந்தார்கள். வேட்டுவனைத் தடுக்க வாசலில் மாவு மட்டும்தான் இருந்தது.

"கிணறுகள் கோட்டுக்கு உள்ளேயா இருக்கின்றன, வெளியேயா?" என்று கேட்டாள் உலகம்மை.

"வெளியே. பொதுக்கிணறுகள்தானே."

"அங்கே காவலுக்கு யார் நிற்கிறார்கள்?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான். கிணற்றடியில் ஒருவருமில்லை. காவலர்கள் அத்தனை பேரும் அப்போது வீட்டு வாசல்களில் நின்றார்கள். பாதிப் பேர் மாசிலான் வாசலில்.

கீழே ஊர்ப்பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. மூன்றாவது சம்மதத்துக்காகக் காத்திருக்கும் கூட்டம்.

"என் சம்மதம் உமக்குத்தான். எடுத்துக்கொண்டு போம்" என்றாள். "ஊர் வாசல்களையும் இதைப் போலவே துடைத்துவிடும்."

அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

செங்கோடன் வெளியே வந்தான். மூலையில் இருந்த மாவுக் கொட்டாங்கச்சி கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு எதிரே குந்தினான். வாழ்நாளில் அவன் மாவைத் தொட்டதில்லை. விரல்களுக்கிடையில் அது மொத்தமாகக் கொட்டியது. பிறகு விட்டுவிட்டு விழுந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை இழுத்து முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"கோணலாக இருக்கிறது."

"இருக்கட்டும்."

"சபையில் என்ன சொல்வீர்?"

"கிணறுகளுக்கு ஆள் வேண்டும் என்று."

"நான் கொடுத்த சம்மதம்?"

அவன் கோட்டுக்கு வெளியே நின்று செம்பை எடுத்தான். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரே மூச்சில் குடித்தான்.

"நான் வாங்கவில்லை அம்மா."